கொலருக்குள் ஒரு பெயர்

பேத்தியின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த துண்டுக் கடிதத்தில் இரண்டு விசயம். செப்டம்பர் 30 நினைவுநாளுக்கு ஓறேஞ்ச் நிறச் சேட் வேண்டும். உடுப்பில் பிள்ளையின் பெயர் எழுதியிருக்க வேண்டும். மகள் சேட்டை வாங்கி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். எழுதுகிற வேலை எனக்கு.

"ஏன் அம்மப்பா ஓறேஞ்ச்?"

பிலிஸ் வெப்ஸ்ராட்டின் கதையைச் சொன்னேன். 1973இல், பிரிட்டிஷ் கொலம்பியாவில், அம்மம்மா வாங்கித் தந்த ஓறேஞ்ச் சேட்டோடு விடுதிப் பள்ளிக்குப் போனாள். வயது ஆறு. முதல்நாளே கழற்றி எடுத்துவிட்டார்கள்.

"பிறகு திருப்பிக் குடுத்தவையோ?"

"இல்லை."

மிச்சத்தை அவளுக்குச் சொல்லவில்லை. கனடிய அரசு பணம் கொடுக்க, தேவாலயங்கள் நடத்திய பள்ளிகள் அவை. பூர்வகுடிப் பிள்ளைகள் ஒன்றரை இலட்சம் பேர் அவற்றுக்குள் போனார்கள். தாய்மொழி பேசினால் அடி. பல இடங்களில் பெயருக்குப் பதில் எண், உடுப்பிலும் எண். உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் கணக்கெடுத்த சுமார் 3,200 மரணங்களில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குப் பெயரே பதியப்படவில்லை. நாலில் ஒன்றுக்கு ஆணா பெண்ணா என்றுகூட இல்லை. செத்த பிள்ளையைப் பற்றி எழுத அந்த ஒரு சொல்லுக்கும் பஞ்சம்!

எங்கள் ஒன்ராறியோவில், கெனோரா விடுதிப் பள்ளியிலிருந்து 1966 ஒக்ரோபரில் ஓடிப்போன பொடியன் சானி வென்ஜாக். பள்ளியில் அவனைச் 'சார்லி' ஆக்கியிருந்தார்கள். பன்னிரண்டு வயது. வீடு 600 கிலோமீற்றர் தள்ளி. மெல்லிய மேற்சட்டையோடு, சிறு கண்ணாடிப் போத்தலுக்குள் சில தீக்குச்சிகளோடு, தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தான். தண்டவாளத்துப் பக்கத்திலேயே குளிரில் செத்துக் கிடந்தான்.

நான் இங்கே வந்திறங்கியது 1989இல். அப்போதும் இந்தப் பள்ளிகளில் சில திறந்தே இருந்தன. காணாமல் போனவர்களின் படங்களை ஏந்தித் தாய்மார் தெருவோரம் குந்தியிருக்கும் ஊர்க்காரன் நான். பெயர் பட்டியலில் இல்லாமல் போவது என்னவென்று தெரிந்தவன். அப்படியிருந்தும் இந்த மண்ணின் பட்டியலைத் தேடிப் பார்க்க எனக்கு முப்பது வருசத்துக்கு மேல் பிடித்தது. வீட்டுக் கடனில் மிச்சம் எவ்வளவு என்று மட்டும் மாதாமாதம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேனாவைத் திறந்தேன்.

"முழுப்பேர் வேண்டாம் அம்மப்பா. ரீச்சருக்கு வாசிக்க ஏலாது."

பள்ளியில் அவள் பெயர் இரண்டு எழுத்துத்தான். நான் முழுவதையும் எழுதினேன். கொலரில் இடம் காணாமல் கடைசிப் பகுதி தோள் தையலைத் தாண்டி இறங்கிவிட்டது.