மயக்கம் யார் பொருட்டு?

பல் நோயைச் சிறு நோய் என்று பேசுவோர், அந்நோய் தம் வாயில் இல்லாதவர்களே. ஐந்து வயதுக் குழந்தை நள்ளிரவில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழும் வீட்டில் ஓர் இரவு தங்கியிருந்தால் அவ்வாறு பேச எவருக்கும் மனம் வராது.

அண்மையில் அத்திப்பட்டில் நமக்கு வேண்டிய ஒரு குடும்பத்தாரின் இல்லத்தில் அத்தகைய இரவொன்றைக் கழிக்க நேர்ந்தது. வீட்டுக்குரியவர் அனல் மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளர். அவருடைய மகளுக்கு எட்டுப் பற்களில் சொத்தை. இரண்டில் சீழ் கட்டியிருந்தது. பால் புட்டியை வாயில் வைத்தவாறே உறங்கிப் பழகியதன் விளைவு அது. சென்னையில் குழந்தையைப் பார்த்த பல் மருத்துவர் இரு வழிகளைச் சொல்லி, ‘கலந்து பேசி முடிவு செய்யுங்கள்’ என்று அனுப்பிவிட்டார். கலந்து பேசியதில்தான் வீடு இரண்டுபட்டது.

முதல் வழி, உணர்வு போகாமல் அச்சத்தை மட்டும் தணிப்பது. சிரிப்பு வாயு என்று வழங்கும் நைட்ரஸ் ஆக்சைடை, நூற்றில் முப்பது பங்குக்குக் குறையாத ஆக்சிஜனுடன் கலந்து மூக்கு மூடியின் வழியே செலுத்துவார்கள். குழந்தை விழித்தே இருக்கும், சொன்னால் கேட்கும், ‘வாயைத் திற’ என்றால் திறக்கும். ஈறில் மரப்பு ஊசியும் போடவேண்டும். வாயுவை நிறுத்திய சில நிமிடங்களில் மயக்கம் தெளிந்துவிடும். ஆனால் ஒரு தடவைக்கு ஓரிரு பற்களையே பார்க்க முடியும். நான்கைந்து முறை போய்வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூக்கின்மீது அந்த மூடி இருக்கக் குழந்தை இசைய வேண்டும்.

இரண்டாவது வழி முழு மயக்கம். அறுவைக் கூடத்தில் மயக்க மருத்துவர் ஒருவர் அருகிருக்க, மூச்சுக் குழாய்க்குள் ஒரு குழாயைச் செலுத்தி, எட்டுப் பற்களையும் ஒரே அமர்வில் முடித்துவிடுவார்கள். குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதே அதன் நன்மை. அச்சத்துக்குக் காரணமும் அதுவே.

குழந்தையின் பாட்டனார் முழு மயக்கத்துக்கு உடன்படவில்லை. ‘விழப்போகிற பால் பல்லுக்காகப் பிள்ளையை மய்யித்தைப் போலக் கிடத்துவதா?’ என்றார். உறக்கத்தை மரணத்தின் உடன்பிறப்பாக எண்ணும் மரபில் வந்தவர் அவர். அந்த அச்சத்தை நாம் எள்ளமாட்டோம். ஆயினும் பால் பல்லைப் பற்றி அவர் கொண்ட எண்ணம் பிழையானது. கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்து உழைக்க வேண்டியவை. அவற்றின் வேரில் தேங்கும் சீழ், அடியில் உருவாகிவரும் நிலைப்பல்லையும் கெடுக்கக்கூடும்.

‘நாலு தடவை இவளை அமுக்கிப் பிடித்துக்கொள்ள என்னால் முடியாது மாமா’ என்றார் தாயார். தந்தையார் வாய் திறக்கவில்லை. நான்கு தடவை சென்னைக்குப் போவதென்றால் நான்கு நாள் கூலி போயிற்று என்பதை அவர் சொல்லாமலே அறிந்தோம்.

அப்போது பெரியவர், தாம் பயானில் கேட்ட ஒரு வரலாற்றை எடுத்துரைத்தார். மதீனாவின் பெரும் சட்ட அறிஞர் எழுவருள் ஒருவரான உர்வா இப்னு ஸுபைர் அவர்களின் வரலாறு அது. அன்னார் கலீபா வலீதைக் காணத் திமிஷ்குக்குச் சென்றிருந்தபோது கால் அழுகி, அதனை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. மருத்துவர்கள் உணர்வை மறக்கச் செய்யும் மருந்தொன்றைப் பருகத் தந்தனர். அன்னார் மறுத்துவிட்டார். விழித்திருக்கும்போதே இரம்பம் எலும்பை அறுத்தது என்று நூல்கள் கூறுகின்றன. ‘அந்த ஈமான் நமக்கு வேண்டாமா?’ என்றார் பெரியவர்.

அன்றிரவு முழுவதும் இவ்வினாவே நம் நெஞ்சில் நின்றது. உர்வா அவர்கள் மறுத்தது தம் காலுக்காக. மருந்தின் தன்மையையும் வலியின் தன்மையையும் அறிந்து, வேண்டாம் என்று கூறும் உரிமையும் உரமும் உடையவராய் இருந்து மறுத்தார்கள். வேறொருவரின் காலை அறுக்கும்போது, ‘இவருக்கும் மருந்து வேண்டாம்’ என்று அன்னார் கூறியதாக நாம் எங்கும் படித்ததில்லை. தன் வலியைத் தாங்குவது பொறுமை. பிறர் வலியைத் தாங்கிக்கொள்ளுமாறு அவருக்காக நாம் முடிவு செய்வதற்கு அப்பெயரைச் சூட்டுவது எப்படிப் பொருந்தும்? ஐந்து வயதுச் சிறுமி எந்தப் பொறுமையையும் தேர்ந்தெடுக்கவில்லை. அவளை அமுக்கிப் பிடிக்கும் நால்வரின் கைகளே அவளுக்காகத் தேர்ந்தெடுத்தன.

இவ்வாறு கூறுவதால் முழு மயக்கமே சரியென்று நாம் தீர்ப்பளித்துவிட்டதாகக் கொள்ளவேண்டா. அந்தப் பக்கத்திலும் ஒரு மறைவான சறுக்கல் இருக்கின்றது. உறங்கும் குழந்தை அழாது. மருத்துவர் விரைந்து முடிப்பார். தாய்க்குக் கண்ணீர் இல்லை. தந்தைக்குக் கூலி மிஞ்சும். இவ்வளவு பேருடைய வசதியையும் ஒன்றாகத் திரட்டி, ‘எல்லாம் குழந்தைக்காகத்தான்’ என்று சொல்லிக்கொள்வது எளிது. கூலியை எண்ணுவது இழிவன்று. அக்கூலியில்தான் அவளுக்கும் சோறு. எனினும் எண்ணியதை எண்ணியதாக ஒப்புக்கொள்ள வேண்டும். நிய்யத்தைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், நம் நிய்யத்துக்குள் எத்தனை பேர் குடியிருக்கின்றார்கள் என்று பார்ப்பதில்லை.

மயக்க மருந்தின் வரலாற்றில் பல்லுக்குப் பெரியதோர் இடம் உண்டு. அமெரிக்காவின் ஹார்ட்போர்டு நகரில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் 1844 டிசம்பர் 11 அன்று சிரிப்பு வாயுவை முகர்ந்து, தம் பல்லையே பிடுங்கச் செய்தார். அடுத்த மாதம் பாஸ்டனில் பிறர்முன் அதைச் செய்து காட்டியபோது நோயாளி முனகிவிட, வெல்ஸ் நகைப்புக்கு ஆளானார். 1846 அக்டோபர் 16 அன்று அதே நகரில் ஈதரைக் கொண்டு செய்துகாட்டி வென்ற மார்ட்டனும் பல் மருத்துவரே. முதற்கண் தம் உடம்பிலேயே துணிந்து பார்த்த வெல்ஸின் செயலில் ஒரு நேர்மை உண்டு. பெற்றோருக்கு அந்த வாய்ப்பு இல்லை. மகளுக்குப் பதிலாகத் தாம் முகர்ந்துவிட முடியாதல்லவா?

நம் நாட்டிலும் இத்துறையில் ஒரு பெருமுயற்சி நடந்தது. நம்மவருள் பலர் அதனை அறியார். அந்நாளில் குளோரோபாரம் கொடுக்கப்பட்டவர்களில் சிலர் திடீரென இறந்தனர். முதலில் நிற்பது மூச்சா, இதயமா என்று மருத்துவ உலகம் வாதிட்டது. ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலி கானின் அரசு பொருளுதவி செய்ய, டாக்டர் எட்வர்டு லாரியின் முயற்சியால் ஹைதராபாத்தில் 1888இலும் 1889இலும் இரண்டு ஆய்வுக் குழுக்கள் விலங்குகளைக் கொண்டு ஆராய்ந்தன. நாடியை விட்டு மூச்சைக் கவனியுங்கள், மூச்சு சீராயிருக்கும்வரை இதயத்துக்கு ஆபத்தில்லை என்பதே அவற்றின் முடிபு. மூச்சைக் கவனிக்கச் சொன்னது நல்ல பாடம். இதயத்தைப் பற்றிச் சொன்னதோ நிற்கவில்லை. 1911இல் லெவி என்ற ஆங்கிலேய ஆய்வாளர், குளோரோபார மயக்கம் இலேசாக இருக்கும்போதே இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடக்கூடும் என்று மெய்ப்பித்தார்.

குளோரோபாரம் இன்று வழக்கில் இல்லை. ஆயினும் ‘இலேசான மயக்கம்’ என்ற சொல்லைக் கேட்டதும் மனம் தளர்ந்துவிடுகின்றதே, அதற்கு இவ்வரலாறு ஒரு கடிவாளம். இலேசான மயக்கத்துக்கும் ஆழ்ந்த மயக்கத்துக்கும் இடையே சுவர் கிடையாது. வாயு போதாமல் மிடாசோலம் போன்ற மருந்துகளையும் கொடுக்கும்போது, குழந்தை எண்ணியதைவிட ஆழத்துக்கு வழுக்கிச் செல்லக்கூடும். நன்கு அமைந்த அறுவைக் கூடத்தில் தரும் முழு மயக்கத்தைவிட, ஆளும் கருவியும் இல்லாத சிறு அறையில் தரும் அரை மயக்கம் ஆபத்தாகலாம். பிரிட்டனில் 2001ஆம் ஆண்டின் முடிவோடு, மருத்துவமனைக்கு வெளியே பல் சிகிச்சைக்கு முழு மயக்கம் தருவதை நிறுத்தியே விட்டார்கள். ஆகவே ‘எந்த மருந்து?’ என்பதற்கு முன்னர் கேட்க வேண்டியவை வேறு. மூச்சைக் கவனிக்கப் போவது யார்? பல்லைப் பிடுங்குபவரே மயக்கத்தையும் பார்த்துக்கொள்வாரா? ஆழ்ந்த மயக்கம் எனில் அதற்கென்றே ஒருவர் இருத்தல் வேண்டும் என்பது நம் உறுதியான கருத்து. மருத்துவம் அறியாது மருத்துவம் செய்பவர் அதன் கேட்டுக்குப் பொறுப்பாளி என்னும் கருத்தில் நபிமொழி உண்டு. கேட்காமல் ஒப்படைத்தவருக்கும் அதில் பங்கில்லையா? குழந்தை நம்மிடம் உள்ள அமானத் அன்றோ!

மறுநாட் காலை இவற்றையெல்லாம் பெரியவரிடம் பேசினோம். அவர் உடனே இணங்கிவிடவில்லை. மயக்க மருந்து மூளையைக் கெடுக்கும் என்கிறார்களே என்றார். அமெரிக்க மருந்துத் துறை 2016இல் விடுத்த எச்சரிக்கை, மூன்று வயதுக்குட்பட்டோருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலாகவோ பலமுறையோ தருவதைக் குறித்தது என்று விளக்கினோம். நலமான குழந்தைக்கு உயிராபத்து மிக அரிது. அரிது என்பது இல்லை என்பதாகாது என்பதையும் மறைக்கவில்லை.

முதலில் குழந்தையையே கேட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. தன்னால் முடியுமா, முடியாதா என்று காட்டத் தெரியும். முதல் நாள் மூடியை வைத்துக்கொண்டு ஒரு பல்லைப் பார்க்கவிட்டாள். இரண்டாம் நாள் மூடியைக் கண்டதுமே உடல் நடுங்கி வாந்தி எடுத்தாள். அன்று அவளைப் பிடிக்க வந்த கைகளைத் தாயார் தடுத்துவிட்டார். பின்னர்ப் பெரியதொரு மருத்துவமனையில், மயக்க மருத்துவரைச் சந்தித்துப் பேசிய பிறகு, முழு மயக்கத்துக்குத் தந்தையார் கையொப்பமிட்டார்.

‘கடற்கரைக்குப் போகிறோம் என்று சொல்லி அழைத்துப் போங்கள்’ என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். தாயார் கேட்கவில்லை. மருந்து கொடுத்துத் தூங்க வைப்பார்கள், தூங்கும்போது பல்லைச் சரிசெய்வார்கள், அதற்கு முன்னால் பசித்தாலும் உண்ணக்கூடாது என்று அவளிடம் உள்ளதை உள்ளவாறே சொன்னார். அவள் அழுதாள், பின்பு வந்தாள். பாலும் உணவும் ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டன. இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை தண்ணீர் மட்டும் கொடுத்தார்கள். பெரியவர் கதவருகே தஸ்பீஹுடன் அமர்ந்திருந்தார்.

விழித்ததும் அவள் முதலில் கேட்டது, ‘நான் தூங்குறப்ப நீ எங்கம்மா இருந்தே?’ என்பதே. தாயார், கதவுக்கு வெளியே இருந்ததைச் சொன்னார். உள்ளே வர விடவில்லை என்பதையும் சொன்னார்.

அந்த வீட்டில் அவளுக்கு இரண்டு வயதில் ஒரு தம்பி இருக்கின்றான். இரவில் அவனுக்குப் புட்டி கிடையாது. பால் குடித்தபின் பல்லைத் துலக்கிவிடும் வேலையைப் பாட்டனார் ஏற்றுக்கொண்டிருக்கின்றார். பையன் அவர் விரலைக் கடிக்கின்றானாம்.