இரண்டு ரூபாயும் ஏழாம் கற்பனையும்



நமது தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் வட்டாரத்தில் இஸ்திரி வண்டி இல்லாத தெரு அபூர்வம். வேப்ப மரத்து நிழலிலோ, அடுக்குமாடி வீடுகளின் படிக்கட்டுக்குக் கீழேயோ அது நின்றுகொண்டிருக்கும். ஞாயிறு பூசைக்கு நாம் மடிப்புக் கலையாத உடையுடன் வந்து முழந்தாட்படியிடுவதும், நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குச் சீராகப் போவதும் அந்த வண்டிக்காரர் கைப் பாட்டினாலே. அப்படிப்பட்டவர் ஒரு நாள் துணி மூட்டையை நம் கையில் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கி, "அம்மா, வருகிற மாதத்திலிருந்து துணிக்கு இரண்டு ரூபாய் சேர்த்துத் தரவேணும்" என்று கேட்கிறார்.

அப்போது நம் வாயிலிருந்து புறப்படும் மறுமொழி யாது? "என்னப்பா, போன வருஷந்தானே ஏற்றினாய்? பத்து ரூபாய் என்றுதானே பேச்சு? அடுத்த தெருவில் இன்னும் பத்து ரூபாய்க்குத்தான் போடுகிறார்கள்!" இந்த மறுமொழியைக் குறித்தே இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன். இரண்டு ரூபாய் அற்பக் காரியம், இதற்கொரு பிரசங்கமா என்று எண்ண வேண்டாம். பெரிய களவு செய்கிறவர்கள் நம்மில் இலர். ஆனால் களவைத் தடுக்கிற ஏழாம் கற்பனை, பிறனுடைய பெட்டியை உடைக்கலாகாது என்பதோடு நின்றுவிடுவதில்லை. உழைத்தவனுக்குரியதை நம் பெட்டியில் நிறுத்தி வைத்துக்கொள்ளலாகாது என்றும் அது விதிக்கிறது.

முதலில் அவருடைய பாட்டைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கரி போட்ட இஸ்திரிப் பெட்டி ஆறேழு கிலோ எடையுள்ளது. அதைக் காலை முதல் இரவு வரை தூக்கித் தூக்கி வைக்கிறார். சித்திரை வெயிலிலும் நெருப்பின் பக்கத்தில் நிற்கிறார். அந்தக் கரியோ நம் ஊரில் விளைவதன்று. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடிச் சீமைகளில் சீமைக் கருவேல மரத்தை வெட்டி, மண் மூட்டம் போட்டு எரித்து, மூட்டை கட்டி அனுப்புகிறார்கள். மழைக்காலத்தில் மூட்டம் வேகாது, வரத்து குறையும், விலை ஏறும். சிலர் இப்பொழுது எரிவாயுப் பெட்டிக்கு மாறியிருக்கிறார்கள். உருளையின் விலையும் அவர் சொற்படி நிற்பதில்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் முடிச்சூர்ப் பக்கம் வெள்ளம் புகுந்தபோது நம்மில் சம்பளக்காரர்களுக்கு மாதச் சம்பளம் வந்து சேர்ந்தது. 2020-இல் ஊரடங்கின்போது அலுவலகம் போகாதவர்கள் சட்டை தேய்க்கக் கொடுக்கவில்லை. வேலை இல்லாத நாளுக்கு வண்டிக்காரருக்குப் படி அளப்பவர் ஒருவருமில்லை.

இப்பொழுது ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் நாளொன்றுக்கு நூறு துணி தேய்க்கிறார் என்றும், துணிக்கு 10 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். வரவு 1,000 ரூபாய். முன்பு கரி முதலிய செலவு 300 ரூபாய் ஆயிற்று. வீட்டுக்கு 700 கொண்டுபோனார். இப்பொழுது செலவு 450 ஆகிவிட்டது, மிஞ்சுவது 550. அந்த 550-உம் அரிசிக் கடையிலும் மருந்துக் கடையிலும் முன்போலப் பெறாது. "நாங்கள் ஒரு காசும் குறைக்கவில்லையே, பேசின கூலியைத்தானே கொடுக்கிறோம்" என்கிறோம். மெய்தான், நாம் குறைக்கவில்லை. ஆனாலும் அவருடைய கூலி குறைந்துபோயிற்று. எல்லாப் பண்டமும் ஏறிக்கொண்டிருக்கையில் ஒருவருடைய கூலியை மாத்திரம் ஏறாமல் பிடித்து வைப்பது, சத்தமில்லாமல் அதை வெட்டுவதற்குச் சமானம். ஆகையால் அவர் கேட்கிற இரண்டு ரூபாய் புதிய ஆதாயமன்று. இழந்ததைத் திரும்பக் கேட்கிறார், அவ்வளவே.

"பேசின கூலி" என்கிற நியாயத்துக்குத் திருச்சபை வெகு காலத்துக்கு முன்னமே விடை சொல்லியிருக்கிறது. லியோ என்னும் 13-ஆம் சிங்கராயர் பாப்பரசர் 1891-ஆம் வருஷம் மே மாதம் 15-ந் தேதி தொழிலாளர் நிலைமையைக் குறித்து வரைந்த சுற்றுமடலில், கூலியை இருவரும் சம்மதித்துப் பேசிக்கொள்ளலாம் என்பதை ஏற்றுக்கொண்டு, அதற்கு மேற்பட்ட நீதி ஒன்று உண்டென்று போதித்தார். ஒழுக்கமும் சிக்கனமுமுள்ள உழைப்பாளி சீவிக்கப் போதுமான அளவுக்குக் கூலி இருக்கவேண்டும். தேவையின் கொடுமையாலோ, இதைவிடப் பெரிய தீங்கு வருமோ என்ற பயத்தாலோ ஒருவன் குறைந்த கூலிக்குத் தலையசைத்தால், அது சம்மதமல்ல. அவன் பலவந்தத்துக்கும் அநீதிக்கும் உட்படுகிறான் என்று அவர் கற்பித்தார். 2025-ஆம் வருஷம் பேதுரு ஆசனம் ஏறிய பாப்பரசர் 14-ஆம் சிங்கராயர் என்ற நாமத்தைத் தரித்ததற்கு இந்தச் சுற்றுமடலையே முக்கிய காரணமாக எடுத்துச் சொன்னார்.

அந்தப் பயம் நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இல்லையா? வண்டி நிற்கும் இடம் சங்கத்துக்குச் சொந்தம். கூலியை நிர்ணயிப்பதும் சங்கம். "இஷ்டமிருந்தால் போடு, இல்லாவிட்டால் வேறு ஆள் வருவான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் வாயடைத்துப் போவார். அந்த மௌனத்தைச் சம்மதமென்று எழுதிக்கொள்ளலாகாது. சங்கத்தில் பொறுப்பு வகிக்கிற நம் பங்கு மக்கள் இதைக் கவனிக்கக் கடவார்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். நம் பாட்டன்மார் காலத்துக் கிராமங்களிலே சலவைக்காரருக்குத் துணிக்கு இவ்வளவு என்ற கணக்கு பெரும்பாலும் கிடையாது. அறுவடையில் களத்து நெல்லில் ஒரு பங்கு. அந்தியில் வீட்டுக்கு வீடு வாசலில் நின்று வாங்கும் சோறு. கொடுக்கிறவர் மனசே அளவு. சாதியின் பேரால் அவரைத் தாழ்வாரத்துக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தோம். அவர் விலை சொல்ல, நாம் கேட்பது என்கிற வழக்கமே இல்லை. பட்டணத்திலும் அதிகாரமுள்ளவர்கள் உழைப்பவனை விலை சொல்ல விட்டதில்லை. கம்பெனியார் காலத்தில் துணி வெளுப்போர் குடியேறினதால் பெயர்பெற்ற வண்ணாரப்பேட்டை நம் சென்னையிலேயே இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேலைக்காரரின் கூலி ஏறுகிறதென்று முறையிட்ட ஆங்கிலத் துரைமார், அதை உத்தரவு போட்டுக் கட்டுப்படுத்தப் பார்த்தார்கள்.

இன்று வண்டிக்காரர் தம் உழைப்புக்குத் தாமே ஒரு விலை சொல்லுகிறார். அதைக் கேட்டதும் நம் முகம் சுளிக்கிறதே, அது இரண்டு ரூபாயினால் மாத்திரமா? குளிரூட்டிய சலவைக் கடையில் பலகையில் எழுதின விலையைப் பேசாமல் கொடுக்கிறோம். 2018 சனவரியில் பேருந்துக் கட்டணம் ஏறியபோது முணுமுணுத்துக்கொண்டே சீட்டு வாங்கினோம். மரத்தடியில் நிற்பவர் கேட்கும்போது மட்டும் "இவனுக்கு வந்த துணிச்சலைப் பார்" என்று உள்ளுக்குள் ஒரு குரல் எழுகிறது. அந்தக் குரல் எங்கிருந்து வருகிறதென்று ஒவ்வொருவரும் ஆத்தும சோதனை செய்துகொள்வது நலம். அவர் கேட்பது பிச்சையன்று. கூலி உயர்வு கேட்கிறவர் நம்மோடு சமமாக நின்று பேசுகிறார். அந்தச் சமத்துவம் அவருக்கு ஆண்டவர் கொடுத்தது.

வேதாகமம் இவ்விஷயத்தில் தயவு தாட்சணியம் காட்டுவதில்லை. கூலியாளின் கூலி விடியுமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்று லேவியராகமம் விதிக்கிறது. பொழுது சாயுமுன் கொடுத்துவிடு, ஏனெனில் அவன் அதையே நம்பியிருக்கிறான் என்கிறது உபாகமம். நீதிமொழி ஆகமத்தின் 20-ஆம் அதிகாரத்தில் பேரம் பேசுகிற மனுஷனின் படம் ஒன்று உண்டு: வாங்கும்போது மட்டம், மட்டம் என்று சொல்லி விலையைக் குறைக்கிறான், அப்பால் போய் அதைப் பற்றியே பெருமை பாராட்டுகிறான். அப்போஸ்தலரான அர்ச். இயாகப்பரோ, பிடித்து வைத்த கூலி தானே வாய் திறந்து கூக்குரலிடுகிறது, அது ஆண்டவருடைய செவியில் விழுகிறது என்று எச்சரிக்கிறார். ஞானோபதேசத்தில் நாம் படித்த, பரலோகத்தை நோக்கி முறையிடும் நாலு பாவங்களில் கூலியாளின் கூலியை வஞ்சிப்பதும் ஒன்று. கொலையோடு ஒரே வரிசையில் அது வைக்கப்பட்டிருப்பதை மறக்க வேண்டாம்.

இனி, நம் பங்கிலேயே இஸ்திரி போடுகிறவர்களும், வீடு துடைக்கிறவர்களும், தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்கும் சில வார்த்தைகள். விலையைக் கூட்டினால் வாடிக்கை போய்விடுமே என்று பயந்து, வருஷக்கணக்காய் வாய் திறவாமல் கடனில் மூழ்குகிறீர்கள். மேற்சொன்ன கணக்கையே பாருங்கள். துணிக்கு 12 ரூபாய் ஆக்கி, சில வீட்டார் கோபித்துப் போய், நூறு துணி 85 ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வரவு 1,020, செலவு குறையாமல் 450 என்றாலும் மிஞ்சுவது 570. முன்னைவிட இருபது ரூபாய் அதிகம். கைக்குப் பதினைந்து துணியின் பாரம் குறைவு. ஆகையால் பயத்தை விட்டு, கணக்கைக் காட்டிப் பேசுங்கள்.

பேசும் விதத்திலும் நீதி உண்டு. ஒரு மாதம் முன்னதாகச் சொல்லுங்கள். துணியைக் கையில் வைத்துக்கொண்டு திடீரென்று கேட்க வேண்டாம். காரணத்தை உள்ளபடி சொல்லுங்கள்; இல்லாத வியாதியையும் இல்லாத கடனையும் சொல்லி இரக்கம் தேட வேண்டாம்; உங்கள் உழைப்பே போதுமான காரணம். எல்லா வீட்டுக்கும் ஒரே விலையைச் சொல்லுங்கள். ஏழை விதவைக்குக் குறைத்து வாங்கினால் அது உங்கள் புண்ணியம். ஆனால் வாயாடுகிறவருக்குக் குறைத்து, வாய் திறவாதவரிடம் கூட்டி வாங்குவது நியாயமல்ல. வேதசாஸ்திரியான அர்ச். தோமாஸ் அக்குயினாஸ், விற்கிறவன் தனக்கு நேரிடும் நஷ்டத்தை விலையில் சேர்க்கலாம், வாங்குகிறவனுடைய அவசரத்தை விற்கலாகாது என்று விளக்குகிறார். கலியாணத்துக்கு முந்தின இரவு கண்விழித்துத் தேய்த்தால் அந்தக் கண்விழிப்புக்குக் கூலி கேளுங்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை என்பதற்காக மும்மடங்கு கேட்காதேயுங்கள். அன்றியும், அரசாங்கத்தின் சலவைத் தொழிலாளர் நலவாரியத்தில் இன்னும் பதியாதவர்கள் பதிந்துகொள்ளுங்கள். பிள்ளைகள் படிப்புக்கும் முதுமைக்கும் அங்கே உதவி உண்டு.

கூலி கொடுக்கிற குடும்பங்களுக்கு நான் சொல்லுவது மூன்று. முதலாவது, அவர் கேட்டவுடன் மறுமொழியை வீசாதேயுங்கள். வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். வாரத்துக்கு இருபது துணி கொடுக்கிற வீட்டுக்கு நாலு வாரத்தில் 160 ரூபாய் கூடும். இரண்டாவது, அடுத்த தெருக்காரரைக் காட்டி இவரை அடக்காதேயுங்கள். அவரும் இதே பயத்தினால்தான் குறைந்த கூலிக்கு உழைக்கிறார். மூன்றாவது, துணி வந்த நாளே பணத்தைக் கொடுங்கள். "சில்லறை இல்லை, அப்புறம் வா" என்று அலைக்கழிக்க வேண்டாம்.

நம்மிலும் கையிறுக்கமான குடும்பங்கள் உண்டு. ஓய்வூதியத்தில் சீவிக்கும் முதியோர் உண்டு. அவர்களுக்கு 160 ரூபாயும் பாரமே. அவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. கொடுக்கும் துணியைக் குறைத்துக்கொள்ளலாம். படுக்கை விரிப்பையும் வீட்டில் உடுத்தும் வேட்டியையும் மடித்து வைத்தால் போதும். பூசைச் சட்டைக்குக் கூலி மிஞ்சும். முடியாதவர்கள் துணியைக் குறைக்கலாம், கூலியைக் குறைக்கலாகாது. முன்னதைச் செய்கிறவர் தம்முடைய வசதியைக் குறைத்துக்கொள்ளுகிறார். பின்னதைச் செய்கிறவர் பிறருடைய சோற்றைக் குறைக்கிறார்.

பிரியமானவர்களே, நமது ஆண்டவர் மலையின்மேல் மறுரூபமான மகிமையை எழுத வந்த அர்ச். மாற்கு, அவருடைய வஸ்திரத்தின் வெண்மையை எதற்கு ஒப்பிட்டார் தெரியுமா? பூமியில் எந்தச் சலவைக்காரராலும் வெளுக்க முடியாத வெண்மை என்றார். தேவ மகிமையை அளக்க அவர் எடுத்த அளவுகோல் ஒரு சலவைத் தொழிலாளியின் கைத்திறமை! அல்சாஸ் நாட்டில் 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ச். ஹூன்னா பிரபு குலத்தில் பிறந்திருந்தும் ஏழைகளின் துணியைத் தம் கையால் துவைத்தாள்; திருச்சபை 1520-இல் அவளைப் புனிதர் வரிசையில் சேர்த்தது. 12-ஆம் பத்திநாதர் பாப்பரசர் 1955-இல் மே முதல் தேதியைத் தொழிலாளியான அர்ச். சூசையப்பர் திருநாளாக ஏற்படுத்தினார். அந்தச் சூசையப்பரும் நாசரேத்தூரில் தச்சு வேலை செய்து, கூலி வாங்கி, நம் ஆண்டவரை வளர்த்தவர்.

ஆகையால் வருகிற வாரம் துணி மூட்டை உங்கள் வாசலுக்கு வரும்போது, அவர் கேட்பதற்கு முன்னே நீங்களே கேளுங்கள்: "அண்ணே, கரி விலையெல்லாம் ஏறிவிட்டதாமே; கூலி உங்களுக்குக் கட்டுப்படியாகிறதா?" அவர் சொல்லும் விடையைப் பொறுமையோடு கேட்டு, நியாயமானதைக் கொடுங்கள். உழைக்கிறவரும் உழைப்பை வாங்குகிறவரும் ஒரே பந்தியில் நன்மை வாங்குகிற நம் பங்கில் இந்த நீதி நிலைக்கும்படி, தொழிலாளியான அர்ச். சூசையப்பர் நமக்காக வேண்டிக்கொள்வாராக. ஆமென்.