சொந்தத்தில் சம்பந்தம்... எது தர்மம்?

வடபழநி முருகன் கோயில். தரிசனம் முடித்து பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இரண்டு பெண்மணிகளின் பேச்சு காதில் விழுந்தது.

''எங்க அண்ணன் பையனுக்குத்தான் என் பொண்ணைக் கொடுக்கணும்னு, அம்மா கடைசி நேரத்துல கையடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்கக்கா. இவ என்னடான்னா, டாக்டரைக் கேட்காம சம்மதிக்க மாட்டேங்கறா!''

''அட, இந்த முருகனே முறைப்பொண்ணைத்தானே கட்டிக்கிட்டார்! சாமி செஞ்சது தப்பாகுமா?''

வாஸ்தவம்தான்! திருமாலின் திருமகள்களான அமுதவல்லியும் சுந்தரவல்லியும் தவம் இருந்து, தெய்வானையாகவும் வள்ளியாகவும் வந்து முருகனை மணந்தார்கள் என்கிறது கந்தபுராணம். அதனால்தான் அவன் 'மால் மருகன்'. மகாபாரதத்திலும், தாய்மாமன் வசுதேவரின் மகளான சுபத்திரையைத்தானே அர்ஜுனன் மணந்தான்?

ஆனால், வள்ளி இச்சா சக்தி. தெய்வானை கிரியா சக்தி. அது தத்துவம். நம் வீட்டுக் கல்யாணமோ ரத்தமும் சதையுமான விஷயம் ஆயிற்றே!

இந்தக் கேள்வி இன்று முளைத்ததல்ல. மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பது தென்னாட்டு வழக்கம் என்று, பழம்பெரும் நூலான போதாயன தர்ம சூத்திரமே குறிப்பிடுகிறது. அந்தந்த தேசத்தில் அந்தந்த வழக்கமே பிரமாணம் என்று சொல்லிவிட்டு, கௌதமர் இதை ஏற்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறது. 1955-ம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் நெருங்கிய உறவில் மணம் கூடாது என்று விலக்கிவிட்டு, வழக்கம் உள்ள குடும்பங்களுக்கு மட்டும் அனுமதி தருகிறது.

ஒரே கோத்திரத்தில் பெண் எடுக்கக் கூடாது என்பதில் நாம் எத்தனை கண்டிப்பாக இருக்கிறோம்! ஆனால், கோத்திரம் அப்பா வழியை மட்டுமே பார்க்கிறது. மாமன் மகளுக்கு வேறு கோத்திரம்தான். ஆனால், தாத்தா-பாட்டி ஒருவரே அல்லவா? கோத்திரம் 'வேறு' என்கிறது. ரத்தமோ 'ஒன்று' என்கிறது.

இதில் என்ன ஆபத்து? எளிமையாகப் பார்ப்போம். நம் உடம்பின் மரபணுக்கள் பெரும்பாலும் ஜோடியாக இருக்கின்றன. ஒன்று அம்மா தந்தது, இன்னொன்று அப்பா தந்தது. ஒரே பூட்டுக்கு இரண்டு சாவி போல! ஒன்று துருப்பிடித்தாலும் மற்றது திறந்துவிடும். அதனால், நமக்குள் பழுது இருப்பதே நமக்குத் தெரியாது. பாட்டியிடம் இருந்த ஒரு பழுது, மகன் வழியாகப் பேரனுக்கும் மகள் வழியாகப் பேத்திக்கும் வந்திருக்கலாம். அவர்கள் இருவரும் மணந்தால், குழந்தைக்கு இரண்டு சாவியுமே துருப்பிடித்ததாக அமைந்துவிடும் வாய்ப்பு, ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு. பிறவியிலேயே காது கேளாமை, தலசீமியா என்ற ரத்த நோய் போன்றவை இப்படி வரக்கூடும்.

பயப்பட வேண்டாம். பொதுவாக நூறு குழந்தைகளில் 2 அல்லது 3 பேருக்குப் பிறவிக் குறை இருக்கும். அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும் மணந்தால், அது ஏறத்தாழ 4 முதல் 6 வரை ஆகலாம். மற்றவர்கள் நலமாகவே பிறக்கிறார்கள். தாய்மாமனே அக்கா மகளை மணந்தால் ஆபத்து இன்னும் அதிகம். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே கொடுத்து வாங்கினாலும் அப்படித்தான்.

இந்த வழக்கத்தில் நன்மையே இல்லையா? உண்டு. தெரிந்த இடம், அத்தையே மாமியார், பெண் கண்ணைக் கசக்கினால் கேட்க ஆள் இருக்கும். நம் பாட்டிமார் யோசித்ததும் பெண்ணின் நன்மைக்காகத்தான். பாட்டி விரும்பியது பேத்தியின் நல்வாழ்வு. அதற்கு அவர் அறிந்த வழி இது. வழியை மாற்றினாலும் அந்த விருப்பத்தைக் காப்பாற்றலாமே!

''அப்படியானால், சத்தியம் என்ன ஆவது? தசரதன் கொடுத்த வாக்குக்காக ராமன் காட்டுக்கே போனானே?'' என்று கேட்கலாம். ராமன் அதை மனமுவந்து ஏற்றான். ஆனால், பிறக்கப்போகும் குழந்தையிடம் நாம் சம்மதம் கேட்க முடியுமா? நாம் கொடுத்த வாக்குக்கு இன்னொரு உயிர் விலை கொடுப்பது எப்படி தர்மமாகும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொந்தத்தில் மணந்து, குறையோடு ஒரு குழந்தை பிறந்துவிட்டால், ''எந்த ஜன்மத்துப் பாவமோ!'' என்று தாயைத்தானே பேசுகிறார்கள்? பழுது இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. யாரும் தெரிந்து செய்ததல்ல. அந்தத் தாயைக் குத்திப் பேசுவதுதான் பாவம்!

ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், பதினோராவதாக இதையும் பார்ப்போமே! நிச்சயம் செய்வதற்கு முன்பே மரபணு ஆலோசனை பெறலாம். ஏற்கெனவே மணந்தவர்கள், கருவுறுவதற்கு முன்பே மருத்துவரிடம் உறவைச் சொல்லிவிடுங்கள். குழந்தை பிறந்ததும் செவித்திறன் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகையிடம் கருவைக் காக்கச் சொல்லி வேண்டுகிறோம். நல்லது. அவள் காக்கட்டும், நாமும் நம் பங்குக்குக் காப்போம்!

பிராகாரத்தில் பேசிய அந்தத் தாய் எழுந்து, சந்நிதியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ''முதல்ல டாக்டரைப் பார்த்துட்டே அண்ணன்கிட்ட பேசறேன்க்கா'' என்றார்.

முருகன் நிச்சயம் கோபித்துக்கொள்ள மாட்டான்!