கரித்துண்டின் சாட்சியம்

அடுப்பில் எரிந்து அணைந்த கரித்துண்டுக்குச் சாதி உண்டா? சமயம் உண்டா? தன்னை எரித்த கூட்டத்தார்மீது பாசந்தான் உண்டா? இல்லை. அதனாலன்றோ அதன் சாட்சியத்தை அறிவுலகம் மதிக்கிறது!

உயிருள்ள மரம் காற்றிலிருந்து கார்பன்-14 என்னும் கதிரியக்கப் பொருளை ஓயாது பெறுகிறது. மரம் மாண்டதும் வரவு நின்றுவிடும். செலவு மட்டும் தொடரும். ஏறத்தாழ 5730 ஆண்டுகளில் இருப்பு பாதியாகும். எஞ்சியதை அளந்து காலத்தைக் கணிக்கலாம் என 1949-இல் சிகாகோவில் காட்டிய வில்லார்டு லிபி, 1960-இல் நோபல் பரிசு பெற்றார்.

அந்நாளில் ஐரோப்பிய அறிஞர் பலர் ஒரு கதையை நம்பியிருந்தனர். பிரான்சின் மேற்குக் கரையில் நிற்கும் பெருங்கற் கல்லறைகளை அம்மண்ணின் உழவர்கள் தாமே எண்ணிக் கட்டியிருக்க முடியாதாம். கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதியில் தோன்றிய கலைதான் அங்குச் சென்றதாம். கார்டன் சைல்டு போன்ற பேரறிஞரே அவ்வாறு கருதினார். அறிவு ஒரு திசைக்கே சொந்தம், ஏனையோர் கற்கப் பிறந்தோர் என்னும் பேச்சு நமக்குப் புதிதா என்ன!

கரி வேறு சொல்லிற்று. ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகிலுள்ள டரிங்டன் வால்ஸ் என்னுமிடத்துக்குக் கிடைத்த காலக்கணக்கை, தொல்லியல் ஏற்கத்தக்கதன்று என 1959-இல் ஸ்டூவர்ட் பிகாட் ஒதுக்கினார். அவர் போற்றிய காலவரிசைக்கு அது மிக முந்தியதாயிருந்தது!

கரிக்கணக்கும் பிழையற்றதன்று. காற்றில் கார்பன்-14 என்றும் ஒரே அளவில் இருந்தது என்றே லிபி கொண்டிருந்தார். கலிபோர்னிய மலைகளில் நாலாயிரம் ஆண்டுக்கு மேலாக வாழும் பைன் மரங்களின் வளையங்களை எண்ணி ஒப்பிட்டபோது அது தவறெனத் தெரிந்தது. 1967-இல் ஹான்ஸ் சூயெஸ் திருத்தக் கோட்டை வெளியிட்டார். திருத்தியபின் காலம் இன்னும் பின்னே சென்றது. பிரான்சின் பார்னனேஸ் கல்லறை கி.மு. 4500-ஐ ஒட்டியது, எகிப்தின் பெரிய பிரமிடோ ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் இளையது. ஆசானைவிட மாணவன் மூத்தவனாய் நின்றான்!

அயல்நாட்டுக் கதை நமக்கெதற்கு? கீழடியிற் கிடைத்த ஒரு மாதிரி கி.மு. 580-ஐச் சேர்ந்தது எனத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் அறிவித்தபோது நாம் துள்ளி மகிழ்ந்தோம். தவறில்லை. அதே அளவுகோல் நாளை, நாம் போற்றும் வேறொரு மேட்டினை நாம் நினைத்ததைவிட ஐந்நூறு ஆண்டு இளையது என்று சொன்னால்? பிகாட் எழுதியதை நாமும் எழுதுவோமா? எழுதமாட்டோம் என்று உறுதி கூற, உண்மையைச் சொன்னால், நமக்கே நாத் தயங்குகிறது.