எழுதுகோல் உயர்த்தப்பட்டவர்

 

நம் இல்லங்களில் பாட்டனாரோ பாட்டியாரோ நினைவு தடுமாறிவிட்டால், அதை வெளியே சொல்ல நம்மவர் கூசுகின்றனர். பெண் பேச வருவோர் காதில் விழலாகாதே என்று அறைக் கதவைச் சாத்தும் குடும்பங்களும் உண்டு. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? சிங்கப்பூர் மனநலக் கழகம் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 60 வயதைக் கடந்தோரில் பத்தில் ஒருவருக்கு இந்த முதுமை மறதி நோய் இருந்தது. அறிந்ததையெல்லாம் அறியாதவராகிவிடும் தள்ளாத பருவம் வரை சிலர் வாழ வைக்கப்படுவதைத் திருமறை, ஸூரத்துன் நஹ்லிலும் ஸூரத்துல் ஹஜ்ஜிலும் கூறுகிறது. நாயகம் (ஸல்) அவர்களே அப்பருவத்தை விட்டு அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடியிருக்கிறார்கள்.

ஆகவே இதை ஜின் சேட்டை என்று சொல்லித் தாயத்துக்கு அலைந்து மாதங்களைப் போக்க வேண்டாம். ஓதிப் பார்ப்பதை நாம் தடுக்கவில்லை. ஓதிக்கொண்டே மருத்துவரிடமும் போகலாமே! தைராய்டு குறைவாலும், வைட்டமின் பி12 குறைவாலும், மனச்சோர்வாலுங்கூட மறதி வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

ஒரு வீட்டில் பெரியவர் அஸர் தொழுது, முஸல்லாவை மடித்த கையோடு, "அஸருக்கு பாங்கு சொல்லியாச்சா?" என்கிறார். நான்காம் முறை கேட்டதும் பேரன், "இப்பத்தானே நன்னா தொழுதீங்க!" என்று சீறுகிறான். பெரியவரின் முகம் சுண்டிப்போகிறது. தொழுகையை விட்டவன் என்று தம்மை ஏசுவதாக அவர் எண்ணுகிறார். வாழ்நாள் முழுதும் ஐவேளை தவறாதவருக்கு இதைவிடப் பெரிய அடி உண்டா?

உறங்குபவர் விழிக்கும் வரை, சிறுபிள்ளை பருவமடையும் வரை, அறிவு நீங்கியவர் அறிவு பெறும் வரை, இம்மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது நபிமொழி. பெரியவர் எத்தனை ரக்அத் தொழுதார் என்ற கணக்கு இனி அவருக்கில்லை. சீறிய பேரனின் கணக்கு மட்டும் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது! "தொழுதாச்சு நன்னா, அல்லாஹ் கபூலாக்குவான்" என்று நான்காம் முறையும் சொல்ல எவ்வளவு நேரமாகும்? (அறிவு வந்து வந்து போகும் தொடக்க நிலையிலுள்ளவர் பற்றி ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

மக்கா வெற்றியின்போது அபூபக்கர் (ரலி) அவர்கள், பார்வையிழந்த தம் முதிய தந்தை அபூ குஹாஃபாவை நாயகத்திடம் அழைத்து வந்தார்கள். பெரியவரை வீட்டிலேயே இருக்கவிட்டிருந்தால் நாமே அவரிடம் போயிருப்போமே என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் மொழிந்தார்கள். முதியவர் இருக்குமிடத்துக்கு நாம் போவதே முறை.

நினைவு தடுமாறியவர் இருக்குமிடம் எது? தஞ்சோங் பகாரில் வாழ்ந்த ஒரு பெரியவர், உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியிலிருந்து மகனை அழைத்து வர வேண்டுமென்று உச்சிவேளையில் சட்டையை மாட்டிக்கொள்கிறார். அப்பள்ளி 1982-இலேயே மூடப்பட்டுவிட்டது. மகனோ பேரன் எடுத்துவிட்டார். இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். "பையன் பள்ளியில் எப்படி, கெட்டிக்காரனா?" என்று கேட்டுப் பாருங்கள். மனிதர் உட்கார்ந்து கதை சொல்லத் தொடங்கிவிடுவார். அவரிருக்கும் ஆண்டுக்கு நாம் போய்விட்டோம்.

இன்னொன்று. பெற்றோரைப் பேணும் கடமையை அல்லாஹ் பிள்ளைகள் மீது சுமத்தினான். நம்மிலோ, மகன் கடையைக் காரணம் காட்டிப் போய்விடுகிறான். மாமனாரைக் குளிப்பாட்டுவதும், "என் பணத்தை எடுத்துவிட்டாய்" என்ற பழியைக் கேட்பதும் மருமகளுக்கு! திருட்டுப் பழி சுமத்துவது அந்நோயின் குணம். அவள் செய்வது பெரும் நன்மை. ஆனால் அது அவள் கடன் அன்று. இரவில் எழுந்து பார்ப்பதையேனும் மகன் ஏற்கட்டும்.

தடுமாறியவரின் கட்டைவிரலைப் பிடித்துப் பத்திரத்தில் உருட்டுவோரையும் நாம் அறிவோம். கடன் எழுதும் வசனத்திலேயே, அறிவு குறைந்தவருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதத்தோடு சொல்லட்டும் என்று அல்லாஹ் பணித்திருக்கிறான்.

ஜுமுஆவுக்கு அழைத்து வர முடிந்தவரை அழைத்து வாருங்கள். கடைசி ஸஃப்பில், வாசலருகே, பக்கத்தில் ஒரு பேரன் இருக்கட்டும். குத்பாவின் நடுவே பெரியவர் சத்தமாகப் பேசினால் யாரும் திரும்பி முறைக்க வேண்டாம்.