சுவர்க்கோழியும் தறிச் சத்தமும்

சோமனூர், பல்லடம் வட்டாரங்களில் விசைத்தறிக் கூடத்தை ஒட்டியே குடியிருக்கும் குடும்பங்கள் தறி ஓட ஓட உறங்கப் பழகியவை. நள்ளிரவில் மின்சாரம் நின்று தறி ஓய்ந்தால்தான் அங்கே பலருக்குத் தூக்கம் கலையும் என்பது கொங்கு நாட்டில் பரவலாக அறியப்பட்ட செய்தி. கூடத்துக்குள் 90 டெசிபெலைத் தாண்டும் அந்த ஓசையைத் தாலாட்டாக்கிக்கொண்ட அதே செவி, ஐப்பசி மழைக்குப் பின் குளியலறைச் சாக்கடை வாயிலிருந்து ஒற்றைச் சுவர்க்கோழி கத்தத் தொடங்கியதும் பொறுமை இழந்து, ஆளை எழுப்பி, விளக்கைப் போட்டுத் துடைப்பத்தைத் தேட வைக்கிறது. ஆகவே வீட்டையும் வாசலையும் சூழ்ந்து கத்தும் பூச்சிகளை ஒழிப்பது எப்படி என்று கேட்பதற்கு முன், தொந்தரவு செய்வது ஒலியின் அளவா, அந்த ஒலிக்கு உரியவர் யார் என்பதா என்று பிரித்துப் பார்ப்பது தேவையாகிறது.

பேச்சுவழக்கில் சில்வண்டு என்ற ஒரே பெயர் இரு வேறு உயிர்களுக்கு வழங்குவதால் முதலில் அதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பகலிலும் அந்தியிலும் மரத்தில் ஒட்டிக்கொண்டு, வயிற்றின் இருபுறமும் உள்ள முரசு போன்ற சவ்வை உள்ளும் வெளியும் நெளித்து ஒலியெழுப்புவது மரச் சில்வண்டு. கோவையிலிருந்து மேற்கே, பாலக்காட்டு மாவட்டத்தில், 1984இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அமைதிப் பள்ளத்தாக்குக்கு அதன் பெயர் வந்ததே அங்கே இந்த வண்டின் இரைச்சல் இல்லாததால்தான் என்று ஒரு விளக்கம் உண்டு. இரவில் தரையிலும் சுவர் வெடிப்பிலும் இருந்து கத்துவது சுவர்க்கோழி; வெட்டுக்கிளியின் உறவான இது முன்சிறகுகளில் ஒன்றில் வரிசையாக அமைந்த நுண்பற்களின் மேல் மற்றதன் விளிம்பை உரசி ஒலியை உண்டாக்குகிறது. கத்துவது ஆண் மட்டுமே. கேட்டு வருவது பெண். கோழி என்ற பெயரே இந்தப் பூச்சியை வீட்டில் வளர்வனவற்றின் கணக்கில் சேர்த்துவிட்டது என்பதும், அப்பெயரை இட்டவர்கள் அதைக் கொல்லத் துடித்தவர்களாக இருந்திருக்க முடியாது என்பதும் கவனிக்கத்தக்கவை.

மொழி எப்போதும் இவ்வளவு சரியாகக் கணிப்பதில்லை. மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் பிள்ளைப்பூச்சியும் சுவர்க்கோழியின் உறவே. வாயில்லாத அப்பாவியைப் பிள்ளைப்பூச்சி என்று தமிழர் அழைத்தாலும், அதன் ஆண் இந்தக் குடும்பத்திலேயே உரத்த குரல் கொண்டவற்றுள் ஒன்று. சில இனங்கள் வளையின் வாயை ஊதுகுழல் போல விரித்துக் கட்டி அந்தக் குரலை மேலும் பெருக்கிக்கொள்கின்றன. தொல்காப்பிய மரபியல் நண்டையும் தும்பியையும் நான்கறிவு உயிர்களாக வைத்து, செவியறிவை அடுத்த படியில் உள்ள உயிர்களுக்கே தருகிறது; சுவர்க்கோழியையும் தும்பியோடு சேர்த்து எண்ணினால் அது செவியற்றதாகிவிடும். உண்மையில் அதற்குச் செவி உண்டு, முன்னங்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே. காலில் காது இருக்கும் என்று தேடிப் பார்க்காத இலக்கணியைக் குறை சொல்வதற்கில்லை.

விரட்ட முனைபவரைத் தோற்கடிப்பது அந்தச் செவியும், தரையதிர்வை உணரும் கால்களும், காற்றசைவை அறியும் வால் மயிர்களும்தான். காலடி நெருங்கியதும் பூச்சி வாயடைக்கிறது; விலகியதும் மீண்டும் தொடங்குகிறது. ஒற்றைச் சுருதியில் நீளும் அதன் ஒலி ஓடு பதித்த சுவர்களில் பட்டுத் திரும்புவதால், எந்த மூலையிலிருந்து வருகிறது என்று மனிதச் செவியால் எளிதில் கணிக்க முடிவதில்லை. ஆகவே துரத்திப் பிடிப்பதைவிட, பூச்சிக்கு இடம் கொடுக்காமல் இருப்பதே பயன் தரும். சுவரை ஒட்டிக் குவித்த தென்னை மட்டை, விறகு, உடைந்த ஓடு ஆகியவற்றை அகற்றுவது, கதவின் அடியிடுக்கையும் குழாய் நுழையும் துளைகளையும் அடைப்பது, தொட்டியடி ஈரத்தை உலர்த்துவது, வாசலின் வெண்ணிற விளக்கை இரவெல்லாம் எரியவிடாமல் இருப்பது ஆகியவையே முதன்மையான வேலைகள். நாட்டுச் சர்க்கரை கரைத்த நீரை அகன்ற கிண்ணத்தில் வைத்தால் மிஞ்சிய சில பூச்சிகள் அதில் விழும். நச்சுத் தெளிப்பைப் பொறுத்தவரை தயக்கமே நியாயமானது, ஏனெனில் சுவர்க்கோழியைத் தின்னும் பல்லியும் தேரையும் சிலந்தியும் அந்த நஞ்சுக்குத் தப்புவதில்லை. செத்த பூச்சியைக் கொத்தும் வீட்டுக்கோழிக்கும் அது நல்லதல்ல. தோட்டத்துக்குள் அமைந்த வீட்டைக் கொங்கு வழக்கில் சாளை என்பார்கள். அங்கே மேயும் நாலு கோழிகள் பகலில் குப்பையைக் கிளறிச் செய்த வேலையைத்தான் வடவள்ளியிலும் சரவணம்பட்டியிலும் பழைய தோட்டங்களின் மேல் எழுந்த குடியிருப்புகளில் மருந்துக் குப்பியிடம் எதிர்பார்க்கிறார்கள்.

கோவை வேளாண் கல்லூரியில் பணியாற்றிய பூச்சியியல் அறிஞர் டி. வி. இராமகிருஷ்ண ஐயர் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி 1940இல் வெளியிட்ட கையேடு பொருளாதாரப் பூச்சியியல் என்ற துறையைச் சேர்ந்தது. அதாவது ஒரு பூச்சி மனிதனின் வருமானத்தைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று பார்க்கும் துறை. பயிருக்கு அந்தக் கண் தேவை. வீட்டுக்குள்ளும் அதே கண்ணோடு பார்க்கும்போது, எப்போதாவது ஒரு துணியைக் கடிப்பதைத் தவிர வரவிலும் செலவிலும் சேராத சுவர்க்கோழி கணக்குக்கு வெளியே நிற்கிறது. அதன் ஒலி இரைச்சலாவது அதனால்தான் என்று கருத இடமிருக்கிறது. ஒலி மாசு விதிகள் 2000 குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபெலை வரம்பாக வைத்துள்ளன. அருகே இருந்து கத்தும் ஒரு சுவர்க்கோழியே அதைத் தாண்டிவிடும், தறிகளும் தாண்டும். ஆனால் தறிச் சத்தத்தில் அரிசியும் பள்ளிக் கட்டணமும் வட்டித் தவணையும் கலந்திருப்பதால் செவி அதை வேறு பெயரில் பதிந்துகொள்கிறது.

பூச்சிக்கும் அதன் ஒலியே பிழைப்பு என்பது இந்தக் கணக்கில் விடுபட்டுப் போகிறது. இலைச் சுவர்க்கோழி இனமொன்றில், குரல் வலுக்குறைந்த சிறிய ஆண்கள் இலையில் துளையிட்டு, அதன் நடுவே நின்று கத்தி ஒலியைப் பெருக்கிக்கொள்வதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ரோகிணி பாலகிருஷ்ணன் குழுவினர் 2020இல் விளக்கினர். ஹவாயின் கவாய் தீவிலோ, பாட்டைக் கேட்டு வந்து உடலில் புழுவை இடும் ஒட்டுண்ணி ஈயால், ஏறக்குறைய 20 தலைமுறைக்குள் பெரும்பாலான ஆண்கள் ஒலியெழுப்ப முடியாத சிறகு கொண்டவையாகிவிட்டன. அவை எஞ்சியுள்ள பாடகன் அருகே சத்தமின்றிக் காத்திருந்து, அவனை நாடி வரும் பெண்ணை இடைமறிக்கின்றன. மௌனம் அங்கே உயிரைக் காக்கிறது, ஆனால் துணைக்கு இன்னொருவன் குரலை நம்பியிருக்க வைக்கிறது.

மௌனத்தின் விலையைக் கொங்கு நாட்டு நெசவாளரும் அறிவர். 2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்டக் கூலித்தறியாளர்கள் வாரக்கணக்கில் தறிகளை நிறுத்தியபோது, விதிகள் விரும்பும் அமைதி அந்த ஊர்களுக்குத் தானாகவே கிடைத்தது. அதை யாரும் நிம்மதி என்று சொல்லவில்லை. மாசிக் குளிர் விலகாத அந்த இரவுகளில், வெப்பம் குறையக் குறையத் தன் தாளத்தையும் மெதுவாக்கிக்கொள்ளும் சுவர்க்கோழியின் குரல் மட்டுமே பூட்டிய கூடங்களின் ஓரத்தில் மிஞ்சியிருக்கும். பிறகு தறிகள் மீண்டும் ஓடின, வீடுகள் உறங்கின, அடுத்த மழைக்குப் பின் குளியலறை விளக்குகளும் வழக்கம்போல் எரியத் தொடங்கின.