அடக்கம் எதற்காக?

அடக்கம் நல்லதா என்று யாரும் கேட்பதில்லை. நல்லது என்று தீர்ப்பு எழுதி, முத்திரை குத்தி, பரம்பரைச் சொத்தைப் போல் நம் கையில் கொடுத்துவிட்டார்கள். சிறுவன் கேள்வி கேட்டால், 'அடக்கமாக இரு' என்கிறோம். புகுந்த வீட்டில் பெண் வாய் திறந்தால், 'பொறுத்துக் கொள்' என்கிறோம். இதைக் கேட்டுச் சலித்த இளைஞர்களோ, அடக்குவதே நோய், மனத்தில் எழுவதை எழுந்தபடியே கொட்டிவிடுவதுதான் ஆரோக்கியம் என்று எதிர்க்கட்சி ஆடுகிறார்கள். இரண்டு கட்சியிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. ஆகவே இந்த வழக்குக்கு ஒரு சாட்சியை அழைத்து வந்திருக்கிறேன். சாட்சி வெளியூர் அல்ல; உங்கள் உடம்புக்குள்ளேயே இருப்பது. பெயர் மைட்டோகாண்ட்ரியா.

பெயர்தான் வாயில் நுழையாது, தொழில் எளிது. உயிரணுக்களுக்குள் இருக்கும் இந்த நுண்ணிய பைகள், நாம் உண்ட சோற்றை நம் உழைப்பாக மாற்றிக் கொடுக்கின்றன. விறகை எரித்தால் அதன் சக்தி ஒரே மூச்சில் வெப்பமாகப் போய்விடும். உடம்பு அப்படி எரிந்தால் நாம் மிஞ்சுவோமா? ஆகையால் இங்கே எரிவதே படிப்படியாகத்தான். உணவிலிருந்து பிரிந்த எலெக்ட்ரான்கள், பையின் உட்சவ்வில் பதிந்திருக்கும் புரதங்களிடையே கைமாறிக் கைமாறி இறங்குகின்றன. கடைசிப் படியில், நாம் மூச்சில் இழுத்த பிராணவாயு அவற்றை வாங்கிக் கொண்டு தண்ணீராகிறது. நாம் ஓயாமல் மூச்சு விடுவதெல்லாம் முக்கியமாக இந்தக் கடைசிப் படிக்காகவே.

இறங்கும்போது கிடைக்கும் சக்தி எங்கே சேமிக்கப்படுகிறது? அதைச் சுமக்கும் ஒரு ரசாயனப் பொருளை விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் தேடிக் கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு பொருளே தேவையில்லை என்று 1961இல் சொன்னார் பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேயர். எலெக்ட்ரான்கள் இறங்க இறங்க, புரோட்டான்கள் சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. வெளியே நெரிசல், உள்ளே வெறுமை. இந்த ஏற்றத்தாழ்வே சேமிப்பு என்றார் அவர். பலர் ஏற்கவில்லை. கார்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைச் செப்பனிட்டு, ஜெனிபர் மாயில் என்ற சக விஞ்ஞானியுடன் அங்கேயே சோதனைகளைத் தொடர்ந்தார். 1978இல் நோபல் பரிசு வந்தது.

சக்தி அணையில் தேங்கிய தண்ணீரைப் போல நிற்கிறது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். சவ்வின் கனம் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. இரு பக்கத்துக்கும் உள்ள மின்னழுத்த வேறுபாடு சுமார் 0.15 வோல்ட்; டார்ச் விளக்கின் ஒற்றை பாட்டரியில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் அவ்வளவு மெல்லிய சுவர் அதைத் தாங்குகிறது என்று கணக்கிட்டால், மீட்டருக்கு இரண்டு கோடி வோல்ட்டுக்கு மேல் ஆகிறது! இந்த அணைக்கு ஒரு மதகும் உண்டு. மதகிலே ஒரு சக்கரம். புரோட்டான்கள் அதன் வழியே உள்ளே பாயும்போது சக்கரம் சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஏ.டி.பி. என்ற சக்திப் பொருளின் மூன்று மூலக்கூறுகள் பிறக்கின்றன. அதன் ஒரு பகுதி சுழல்வதை 1997இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்ணாரவே கண்டு காட்டினார்கள்.

இனி சாட்சியத்துக்கு வருவோம்.

அணையில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? டைநைட்ரோபீனால் என்ற மருந்து அந்த ஓட்டையைப் போடுகிறது. புரோட்டான்களைச் சக்கரத்தின் பக்கமே விடாமல் குறுக்கு வழியில் உள்ளே கடத்துகிறது. 1933இல் அமெரிக்காவில் உடல் பருமனைக் குறைக்க இதைக் கொடுக்கத் தொடங்கினார்கள். எடை குறைந்தது உண்மை. உணவு முன்னைவிட வேகமாக எரிந்தது. ஆனால் எரிந்ததெல்லாம் வெறும் சூடு. அளவு மீறியவர்கள் உள்ளேயே வெந்து இறந்தார்கள். சிலருக்குக் கண்ணில் புரை விழுந்தது. மனிதர் உட்கொள்ளத் தகாதது என்று 1938இல் அந்நாட்டு அரசு அதை விலக்கிற்று. கொட்டிவிடுவதே ஆரோக்கியம் என்பவர்களுக்கு இது பதில்.

'பார்த்தீர்களா, அடக்கமே வெல்லும்' என்று பெரியவர்கள் அவசரப்பட வேண்டாம். ஆலிகோமைசின் என்று இன்னொரு பொருள் இருக்கிறது. அது சுவரைத் தொடுவதில்லை. மதகை மட்டும் அடைக்கிறது. அணை உறுதியாக நிற்கிறது. ஒரு சொட்டும் கசியவில்லை என்றே வைத்துக் கொள்வோம். வெளியே நெரிசல் உச்சிக்கு ஏறுகிறது. இனித் தள்ள இடமில்லை. எலெக்ட்ரான்களின் ஓட்டமும் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. உணவு இருக்கிறது, பிராணவாயு இருக்கிறது, கட்டுப்பாடு பரிபூரணமாக இருக்கிறது. வேலை மட்டும் இல்லை.

இருபது வருஷம் பேசாமல் பொறுத்துக் கொண்ட பெண்ணைப் பொறுமைசாலி என்று புகழ்கிறோமே, அவள் மதகை அடைத்தது யார் என்று கேட்டோமா? திண்ணையில் உட்கார்ந்து உலகத்தையே திட்டித் தீர்க்கிறவரை நெஞ்சுரம் உள்ளவர் என்கிறோமே, அவர் கோபத்தில் எந்தச் சக்கரம் சுழன்றது?

சாட்சி இன்னும் ஒன்று சொல்கிறது. குளிரில் நடுங்கிச் சூடேற்றிக் கொள்ளத் தெரியாத பச்சைக் குழந்தையின் கழுத்தோரம், தோள்பட்டைகளின் நடுவில், பழுப்பு நிறக் கொழுப்பு இருக்கிறது. அங்கே உடம்பே அணையைத் திறந்துவிடுகிறது. சக்கரம் சுழலாமல் சூடு மட்டும் பிறக்கிறது; குழந்தை பிழைக்கிறது. துக்க வீட்டில் வாய்விட்டு அழுவதும் இப்படித்தான். அந்த அழுகையால் ஒரு வேலையும் நடப்பதில்லை. அதற்காக அது வீண் என்று யார் சொல்ல முடியும்?

இயற்கை நமக்கு நீதிநூல் எழுதி வைக்கவில்லை. சவ்வுக்குப் பாவ புண்ணியம் தெரியாது. எனினும் கேள்வியைச் சரியாகக் கேட்க அது கற்றுக் கொடுக்கிறது. அடக்கம் நல்லதா என்பதல்ல கேள்வி. அடக்கியது எந்த வழியாக, எந்த வேலைக்குப் போகிறது என்பதே கேள்வி. அடுத்த முறை ஒருவரைப் பார்த்து, 'அடக்கிக் கொள்' என்று சொல்ல நா எழுந்தால், அவருக்கு மதகு எங்கே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லத் தெரியாவிட்டால், அவர் பேசுவதைக் கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள்.